மூக்குக் கண்ணாடியில் ஒரு நாடி

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச், தண்டையார்பேட்டை வீட்டு பீரோவில் நைனாவின் பென்ஷன் புத்தகத்துக்கு மேலே பெட்டியோடு கிடக்கிறது. மொத்தம் பதினோரு நாள் கட்டினார். அதில் நாலு நாள் சார்ஜ் போட மறந்தார், மூணு நாள் குளிக்கக் கழற்றி வைத்த இடத்தை மறந்தார். மிச்ச நாளெல்லாம் "எழுந்து நில்லுங்கள்" என்று அது அதிரும்போது அவருக்குக் கோபம் வந்தது. "முப்பத்திரண்டு வருசம் ஹார்பர்ல நின்னவன்டா நான். இது சொல்லி நான் நிக்கணுமா?" என்றார். அதோடு வாட்ச் பீரோவுக்குள் போய்விட்டது.

மூக்குக் கண்ணாடி விஷயம் வேறு. விடிந்ததும் பல்லு குச்சியைத் தேடுவதற்கு முன்னால் கை அதைத்தான் தேடும். பேப்பர் படிக்க, மாத்திரை அட்டையில் பெயர் பார்க்க, கொருக்குப்பேட்டை பஸ் நம்பர் தெரிய எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஒரு பக்கக் கம்பி உடைந்தபோது நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாரே தவிர கழற்றவில்லை. முதியவர்களின் இதயத்தைக் கவனிக்கும் கருவியை எங்கே மாட்டுவது என்று யோசித்த ஆராய்ச்சியாளர்கள் கண்ணாடிக்கு வந்து சேர்ந்ததற்கு இந்தச் சாதாரண காரணம் ஒன்று. எழுபது வயதுக்காரருக்குப் புதுப் பழக்கம் கற்றுத் தருவதைவிட, பழைய பழக்கத்துக்குள் ஒரு சென்சாரைச் சொருகுவது சுலபம்.

இன்னொரு காரணம் உடம்பு அமைந்திருக்கும் விதம். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "கண்ணைப் பார்த்தே இதய நோயைச் சொல்லலாம்" என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு வேறு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கண்ணைச் சுற்றி ஓடும் இரத்தக் குழாய்களில் நாடி பிடிப்பது ஒன்று. இந்த நிமிடம் இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை அது சொல்லும். கண்ணுக்கு உள்ளே, விழித்திரையைப் படம் எடுப்பது இன்னொன்று. இருபது வருடமாக இரத்தக் குழாய்கள் பட்ட பாட்டை அது காட்டும். கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்பவருக்கு இது சட்டென்று விளங்கும்: வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பது வேறு, தண்டவாளம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பது வேறு. அணிந்துகொள்ளும் கருவிகள் இன்றைக்கு நன்றாகச் செய்வது முதல் வேலையை. செய்திகள் அதிகம் பெருமை பேசுவது இரண்டாவதைப் பற்றி.

முதல் வேலையை முதலில் பார்ப்போம். நெற்றிப்பொட்டில், காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து அழுத்துங்கள். துடிப்பு தெரியும். அது மேலோட்டமாக ஓடும் ஒரு தமனி. கண்ணாடியின் பக்கக் கம்பி அதன் மேலேதான் போகிறது. முகத்துக்கு வரும் தமனியின் கடைசிக் கிளை மூக்கின் ஓரமாக ஏறி, கண்ணின் உள்மூலை வரை போகிறது. நோஸ் பேட் உட்காரும் இடம் அதை ஒட்டித்தான். ஆக, கண்ணாடி போட்ட ஒவ்வொருவருடைய முகத்திலும் இரண்டு மூன்று நாடிகளின் மேல் ஏற்கெனவே ஒரு சட்டம் உட்கார்ந்திருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு சிறு விளக்கையும் ஒளியை உணரும் ஒரு சில்லையும் வைத்தால் போதும். தோலுக்குள் போகும் ஒளியில் ஒரு பகுதியை இரத்தம் விழுங்கும், மிச்சம் திரும்பி வரும். இதயம் துடிக்கும்போது அந்த இடத்தில் இரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி. ஸ்மார்ட் வாட்சின் அடியில் பச்சையாக மினுக்குவதும் இதே வேலைதான். மணிக்கட்டைவிட முகத்தில் ஒரு வசதி உண்டு. கை நாள் முழுக்க ஆடும்; கறிக்காய் நறுக்கும், துணி பிழியும், கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் தட்டும். தலை அவ்வளவு ஆடாது.

2017-ல் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிப் பிரிவினர் கிளாபெல்லா என்ற பெயரில் ஒரு கண்ணாடிச் சட்டத்தைச் செய்து காட்டினார்கள். மூக்கோரம், நெற்றிப்பொட்டு, காதுக்குப் பின்புறம் என மூன்று இடங்களில் ஒளி சென்சார்கள். ஒரே துடிப்பு இந்த மூன்று இடங்களுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேராது. நொடியில் மிகச் சிறு பங்கு முன்பின் ஆகும். இரத்த அழுத்தம் ஏறினால் அலை வேகமாக ஓடும், இடைவெளி குறையும். அந்த இடைவெளியிலிருந்து அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று கணக்குப் போடலாம் என்பதுதான் யோசனை. கையில் பட்டை கட்டிப் புஸ்ஸு புஸ்ஸென்று காற்றடிக்காமலே பிபி பார்ப்பது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஒவ்வொருவருக்கும் முதலில் சாதாரண பிபி கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்தாக வேண்டும். அவர்கள் சோதித்ததும் மிகச் சிலரிடம்தான். அழுத்தம் ஏறினாலும் அலை வேகமாகும், வயதாகித் தமனி விறைத்துப் போனாலும் அலை வேகமாகும். இரண்டையும் பிரித்துச் சொல்வது வயதானவர்களிடம்தான் கஷ்டம். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே கணக்கு இடறுகிறது.

அதற்குப் பிறகு ஆராய்ச்சி இரண்டு பக்கமும் நகர்ந்தது. 2025-ல் மெட்டா அறிவித்த ஏரியா என்ற ஆராய்ச்சிக் கண்ணாடியின் இரண்டாம் தலைமுறையில் நோஸ் பேடுக்குள்ளேயே நாடி சென்சார் இருக்கிறது. சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வழியைப் பிடித்தார்கள். பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ளச் சில கண்ணாடிகளில் கண்ணைப் பார்த்தபடி குட்டி கேமரா இருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள தோலில் இரத்தம் வந்து போவதால் உண்டாகும், நம் பார்வைக்குத் தெரியாத ஒளி மாற்றத்தை அதே கேமரா படத்திலிருந்து பிரித்தெடுத்து நாடியைக் கணக்கிட்டார்கள். தனி சென்சாரே வேண்டாம். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சி மேசையில் இருக்கும் சரக்கு, எம்.சி. ரோட்டுக் கடையில் கிடைக்கும் சரக்கில்லை.

காண்டாக்ட் லென்ஸ் ஆசாமிகள் தனிக்கூட்டம். கண்ணுக்குப் பின்சுவரில் கோராய்டு என்ற அடுக்கு, இரத்தக் குழாய்களால் பின்னிய மெத்தை மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அது நிரம்பி வடிவதால் கண்விழிக்குள் அழுத்தம் சின்னதாக ஏறி இறங்குகிறது. நம் விழியே ஒரு நாடிதான் என்று சொல்லலாம். கண் அழுத்த நோய்க்காக, விழியின் இந்த விரிவுச் சுருக்கத்தை 24 மணி நேரம் பதியும் டிரிக்கர்ஃபிஷ் என்ற லென்ஸுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் அனுமதி கொடுத்தது. கண்ணீரில் சர்க்கரை பார்க்கும் லென்ஸ் என்று 2014-ல் கூகுளும் நோவார்ட்டிஸும் பெரிதாக அறிவித்த இன்னொரு திட்டம் 2018-ல் நின்றுபோனது. கண்ணீரில் உள்ள சர்க்கரைக்கும் இரத்தத்தில் உள்ள சர்க்கரைக்கும் நம்பகமான பொருத்தம் கிடைக்கவில்லை. எது எப்படியானாலும், புரை ஆபரேஷன் ஆன கண்ணில், நடுங்கும் விரலால், தினம் ஒரு லென்ஸை வைத்து எடுக்கச் சொல்வது எங்கள் தெருவில் நடக்கிற காரியம் இல்லை. நானே ஒருமுறை முயன்று கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். லென்ஸ் கதையை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

அடுத்து கண்ணுக்கு உள்ளே. எனக்கு அதிகம் ஆர்வம் தருவது இந்தப் பகுதிதான்.

உடம்பைக் கீறாமல், எக்ஸ்ரே இல்லாமல், இரத்தக் குழாயை நேராகக் கண்ணால் பார்க்க ஒரே ஓர் இடம் உண்டு. அது விழித்திரை. 1851-ல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பார்க்கும் கருவியை உலகுக்குச் சொன்னார். அன்றிலிருந்து டாக்டர்கள் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து உடம்பைப் படித்துவருகிறார்கள். 1939-ல் கீத், வேக்னர், பார்க்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் விழித்திரையை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் தமனிகள் லேசாக ஒடுங்கியிருக்கும். இரண்டாம் படியில் விறைத்த தமனி, அது குறுக்கே கடக்கும் சிரையை அழுத்தும். தண்ணீர்க் குழாயை மரவேர் அமுக்குவது மாதிரி. மூன்றாம் படியில் கசிவு, இரத்தப் புள்ளிகள். நான்காவதில் பார்வை நரம்பே வீங்கும். அந்தக் காலத்தில் நான்காம் படிக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சில ஆண்டுகள்கூடத் தாண்டவில்லை. ஆகவே "கண்ணில் இதயம் தெரிகிறது" என்பது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த புதுமை கிடையாது. நம் தாத்தா காலத்துச் சங்கதி.

புதிதாக வந்தது மனிதக் கண்ணுக்குப் பிடிபடாததை மெஷின் பிடிப்பது. 2018-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் சுமார் 2,84,000 பேருடைய விழித்திரைப் படங்களைக் கொடுத்து ஒரு மென்பொருளைப் பழக்கினார்கள். படத்தை மட்டும் பார்த்து அது ஒருவரின் வயதைச் சராசரியாக மூன்று வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசத்தில் சொன்னது. ஆணா பெண்ணா என்று ஏறக்குறையத் தவறாமல் சொன்னது. அனுபவமுள்ள கண் டாக்டரும் விழித்திரையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அப்புறம், அடுத்த ஐந்தாண்டில் யாருக்கு மாரடைப்பு போன்ற பெரிய சிக்கல் வரும் என்று கேட்டார்கள். செய்திகள் அலறியது இந்த இடத்தில்தான்.

அந்தப் பதிலின் மதிப்பெண் 0.70. இதற்கு அர்த்தம் என்ன? பின்னால் இதயச் சிக்கல் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் ஜோடியாக நிறுத்தி, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், நூற்றுக்கு எழுபது தடவை சரியாகச் சொல்லும். காசு சுண்டினாலே ஐம்பது தடவை சரியாக வரும். ஐரோப்பாவில் டாக்டர்கள் வயது, பிபி, கொழுப்பு, புகைப்பழக்கம் இவற்றை வைத்துப் போடும் பழைய கணக்குக்கு இதே ஆய்வில் கிடைத்தது 0.72. ஊசி குத்திக் கொழுப்பு பார்க்காமல், ஒரு படத்தை வைத்து அந்தப் பழைய கணக்கின் பக்கத்தில் வந்து நிற்கிறது என்றால் மெச்ச வேண்டியதுதான். ஆனால் அது எதிர்காலத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வயதையும் பிபியையும் சிகரெட்டையும் விழித்திரையிலிருந்து மறைமுகமாகப் படித்து, அதை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறது என்பது என் எண்ணம். எழுபத்தைந்து வயது நைனாவுக்கு ஆபத்து உண்டு என்று சொல்ல எனக்கு ஒரு மென்பொருள் தேவையில்லை. அவருடைய வயதுக்கு மேல் அது என்ன கூடுதலாகச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. அந்த ஆய்வுக்குப் படம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டன் வெள்ளையரும் அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிக் மக்களும். நம் விழித்திரையின் பின்புலம் நிறமி அதிகம் கொண்டு கருமையாக இருக்கும். சர்க்கரையால் கண் கெடுவதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை அதே நிறுவனம் 2016-ல் வெளியிட்டபோது மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற நம் மருத்துவமனைகளின் படங்களையும் சேர்த்துப் பழக்கியிருந்தார்கள். இதயக் கணக்கில் அந்தச் சேர்மானம் இல்லை. ஆண் பெண் வித்தியாசமும் ஒன்று கிடக்கிறது. 2002-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஒடுங்கிய விழித்திரைத் தமனிக்கும் இதயத் தமனி நோய்க்கும் பெண்களிடம் தொடர்பு தெரிந்தது, ஆண்களிடம் தெரியவில்லை. மாரடைப்பு என்றாலே ஆம்பிளைங்க சமாச்சாரம் என்று நினைத்து, வீட்டுப் பெண்களின் மூச்சிரைப்பை வாயுத் தொல்லை என்று ஒதுக்கும் நம் ஊரில் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

சரி, இந்த விழித்திரைக் கேமராவைக் கண்ணாடியில் மாட்ட முடியாதா? இப்போதைக்குக் கடினம். கண்மணி என்ற சின்ன ஓட்டை வழியாக ஒளியை உள்ளே அனுப்பி, அதே ஓட்டை வழியாகத் திரும்பி வருவதைப் பிடிக்க வேண்டும். வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, அந்த ஓட்டை சுருங்கிப் போயிருக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைக்கிறார்கள். புரை விழுந்த கண் என்றால் எண்ணெய்க் காகிதம் ஒட்டிய ஜன்னல் வழியாகப் படமெடுப்பது போலத்தான். யாருக்கு இந்தச் சோதனை அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் புரையும் அதிகம்.

ஆனால் கையோடு எடுத்துப்போகும் கேமரா வந்துவிட்டது. 2018-ல் சென்னையிலுள்ள ஒரு சர்க்கரை நோய் மையத்தில் 301 பேருக்கு, செல்போனோடு இணைத்த விழித்திரைக் கேமராவில் படமெடுத்து மென்பொருளிடம் கொடுத்தார்கள். சர்க்கரையால் கண் கெட்டிருந்தவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 96 பேரை அது கண்டுபிடித்தது. இது இதயச் சோதனை இல்லை, கண் சோதனைதான். ஆனாலும் சர்க்கரை விழித்திரையைத் தொட்டுவிட்டது என்றால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்களும் சும்மா இருக்காது என்பது எந்தச் சர்க்கரை டாக்டருக்கும் தெரியும்.

இவ்வளவு கணக்கும் வேண்டாம், கண் தானாகவே கத்திச் சொன்ன ஒரு கதை எங்கள் தெருவில் உண்டு. பக்கத்து வீட்டு ஆயா காசிமேட்டில் மீன் வாங்கி வீதி வீதியாக விற்றவர். ஒருநாள் காலை வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்தபோது வலது கண்ணில் மட்டும் மேலிருந்து திரை இறங்கின மாதிரி இருட்டியது. வலியில்லை. இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. கண்ணாடிக் கடைக்குப் போனார். பவர் கூடிப்போச்சு என்று புதுக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

அந்த இரண்டு நிமிட இருட்டுக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. கழுத்தில் ஓடும் பெரிய தமனியின் ஒரு கிளை கண்ணுக்குப் போகிறது, மிச்சம் மூளைக்குப் போகிறது. தமனிச் சுவரில் படிந்த கொழுப்பிலிருந்தோ இதயத்திலிருந்தோ ஒரு துணுக்கு உடைந்து கண்ணின் குழாயைச் சற்று அடைத்துவிட்டு நகர்ந்தால் பார்வை போய்த் திரும்பும். அடுத்த துணுக்கு மூளைக்குப் போகலாம். வலது கழுத்துத் தமனி வலது கண்ணையும் வலது மூளையையும் பார்த்துக்கொள்கிறது, வலது மூளை இடது கைகாலை. ஆயாவுக்கு நடந்தது அட்சரம் பிசகாமல் அதுதான். ஒரு கண் சட்டென்று இருண்டு திரும்பினால் போக வேண்டியது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு, கண்ணாடிக் கடைக்கு இல்லை. எந்த ஸ்மார்ட் கண்ணாடியும் இதை அவருக்குச் சொல்லியிருக்காது. நாங்கள் யாராவது சொல்லியிருக்கலாம்.

அந்தத் துணுக்குகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், கண்ணாடிச் சட்டத்தின் நாடி சென்சாருக்கு உண்மையான வேலை ஒன்று கிடைக்கிறது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கும் கோளாறு வயது ஏற ஏறக் கூடும். உள்ளே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகலாம். பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. பலருக்கு அது வந்து வந்து போகும், ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிற நிமிடம் பார்த்து ஒளிந்துகொள்ளும். நாள் முழுக்க நாடியைக் கேட்கும் ஒரு கருவிக்கு இது சரியான இரை. அமெரிக்காவில் ஆப்பிள் வாட்சை வைத்து 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. நாடி ஒழுங்கில்லை என்று எச்சரிக்கை வந்தது மொத்தத்தில் 0.52 சதவீதத்தினருக்கு. 65 வயது தாண்டியவர்களில் மட்டும் பார்த்தால் சுமார் 3 சதவீதம். எச்சரிக்கை வந்து, பின்னர் மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டை அணிந்து பார்த்தவர்களில் 34 சதவீதத்தினருக்கு அந்தக் கோளாறு பதிவானது. மிச்சப்பேருக்குக் கோளாறே இல்லை என்று அர்த்தமில்லை, அந்த வாரம் அது தலைகாட்டாமல் இருந்திருக்கலாம். மணிக்கட்டில் நடந்தது மூக்கில் நடக்காமல் போக காரணம் இல்லை.

மாரடைப்பை? பிடிக்காது. இதை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். இதயத் தமனி அடைத்துக்கொள்ளும்போது நாடி சீராகவே ஓடிக்கொண்டிருக்கலாம். அடைப்பைக் காட்டுவது ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும், வழியைத் திறப்பது ஆஸ்பத்திரியும். "கண்ணாடி ஒண்ணும் சொல்லல, வெறும் கேஸ்தான்" என்று ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்துவிட்டால் அந்தக் கருவி அவருக்கு உதவவில்லை, கெடுத்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் கண்ணாடிகளின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். நோஸ் பேடைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் அடியில் பச்சையாக ஒரு அழுக்கு படிந்திருக்கும். வேர்வை, எண்ணெய், பவுடர், விபூதி, கடல் காற்றின் உப்பு எல்லாம் கலந்தது. சென்சார் உட்காரப்போவது சரியாக அந்த இடத்தில். மே மாத வெயிலில் கண்ணாடி நிமிடத்துக்கு ஒருமுறை வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிடும், நாடி ஓடும் இடம் மேலே தங்கிவிடும். தோல் நிறமும் ஒரு விஷயம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர், கறுப்பினத்தவர்களிடம் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒளியை வைத்து வேலை செய்யும் எந்தக் கருவியையும் நம் தோலில் சோதித்துப் பார்க்காமல் நம்புவதற்கில்லை. அப்புறம் ராத்திரி. சாதாரணமாகத் தூக்கத்தில் பிபி இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். ஆனால் தூங்கும்போது கண்ணாடி ஜன்னல் மேடையில் அல்லவா இருக்கும்?

சென்சாரெல்லாம் ஒழுங்காக வேலை செய்து எச்சரிக்கையும் வந்துவிட்டது என்று வையுங்கள். யாருக்கு வரும்? நைனாவின் போன் பட்டன் போன். மகன் போனுக்கு வந்தால் மகன் கிண்டியில் ஷிப்டில் இருப்பான். வடசென்னையில் இதற்கு வேண்டிய இடங்கள் இல்லாமல் இல்லை. இந்தியாவின் முதல் இதய பைபாஸ் ஆபரேஷனை 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் செய்தது பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி இருக்கிறது. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் எங்கள் ஆயாக்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். கண்ணுக்கு எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மூக்கில் பிடித்த நாடி இந்தக் கைகளில் யாரிடமாவது போய்ச் சேரும்படி ஏற்பாடு இருந்தால் அது மருத்துவம். இல்லாவிட்டால் வீட்டில் கலவரம் மூட்டும் இன்னொரு பொம்மை. கண்ணையே பார்க்கும் கேமரா என்றால் இன்னொரு கவலையும் உண்டு. ஆதாருக்குக் கொடுத்த அடையாளங்களில் கருவிழியும் ஒன்று. அந்தப் படம் எந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் போய் உட்காருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இன்றைக்கே செய்யக்கூடியது புரை ஆபரேஷன் நடக்கும் இடத்தில் இருக்கிறது. வயதானவர்கள் நெஞ்சுக்கென்று டாக்டரிடம் போக மாட்டார்கள், கண்ணுக்கென்றால் போவார்கள். ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பதற்கு முன்னால் அங்கே பிபி, சுகர் பார்ப்பார்கள், பலருக்கு ஈசிஜியும் எடுப்பார்கள். ஆபரேஷன் முடிந்து மறு பரிசோதனைக்கு வரும்போது புரை விலகி ஜன்னல் துடைத்த மாதிரி இருக்கும். விழித்திரையைப் படமெடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்தப் படத்தையும் அந்த ஈசிஜியையும் ஒரே சீட்டில் எழுதி, மாத்திரை கொண்டுவரும் அம்மாவின் கைக்குப் போகச் செய்வதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை.

நைனா கதையே அதற்குச் சாட்சி. போன வருடம் இடது கண் புரைக்கு அழைத்துப் போனோம். பிபி பார்த்தார்கள், மேலே 178. இறங்கிய பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "கண்ணைக் காட்டப் போனா கையில பட்டையைக் கட்டுறாங்க" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டினார். அவருக்குப் பிரஷர் இருப்பது எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். எத்தனை வருடமாக இருந்ததோ. கருவாட்டைப் பாதியாகக் குறைத்து, மாத்திரை ஆரம்பித்து, ஆறு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது.

நேற்று சாயங்காலம் அவர் கண்ணாடியை வாங்கி, பழைய பிரஷ்ஷால் நோஸ் பேடின் பச்சை அழுக்கைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தேன். காய்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முப்பது நொடி எண்ணினேன். முப்பத்தெட்டு. நடுவில் எதுவும் தவறவில்லை. "இன்னாடா பண்ற?" என்றார். "ஒண்ணுமில்ல நைனா" என்றேன். "அப்ப கண்ணாடியைக் குடு" என்று கையை நீட்டினார்.